கேள்வி ஞானம்

“எனக்குச் சங்கீத ஞானம் என்பது சூன்யம்; ஏதோ கேட்பதோடு சரி” என்று சொல்லிக்கொள்பவர்கள் நம் நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிற ஒருவரைக் கச்சேரிக்கு அழைத்துச் சென்று, மேடையைப் பாராமல் அவரையே கவனித்துக்கொண்டிருங்கள். பாடகர் ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தை நெருங்கி நெருங்கிப் போய், தொடாமல் திரும்பும்போதெல்லாம் இந்த மனிதர் மூச்சை அடக்கிக்கொள்கிறார். கடைசியில் பாடகர் அதைத் தொட்டு நின்றதும் இவருடைய மூச்சும் விடுதலை அடைகிறது. எங்கேயாவது ஒரு ஸ்வரம் பிசகினால், எலுமிச்சங்காயைக் கடித்தவர் போல் முகத்தைச் சுளிக்கிறார். மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தை முடிக்கும்போது, யாரும் சைகை காட்டாமலே இவருடைய கை தொடையின் மீது சரியான இடத்தில் விழுகிறது. அப்புறம் வாசலுக்கு வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, “நமக்கென்ன ஸார் தெரியும்?” என்கிறார்!

இவருக்குத் தெரியாதது ராகத்தின் பெயர். அது எத்தனையாவது மேளத்தில் பிறந்தது என்பதும் தெரியாது. ஆனால் அந்த ராகம் எங்கே போகும், எங்கே போகாது, எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்திருக்கிறது. தெரியாவிட்டால், போகத் தகாத இடத்துக்குப் போகும்போது முகம் ஏன் சுளிக்க வேண்டும்?

இதற்கு நம் முன்னோர்கள் ‘கேள்வி ஞானம்’ என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நாம் சற்று இளப்பமாகவே வழங்கி வருகிறோம். “முறையாகக் கற்றதில்லை, வெறும் கேள்வி ஞானந்தான்” என்று சொல்வது வழக்கம். சென்ற ஐம்பது அறுபது வருஷங்களில் மனோதத்துவ சாஸ்திரிகள் காதையும் மூளையையும் பற்றிக் கண்டறிந்திருப்பவற்றைப் பார்த்தால், அந்த ‘வெறும்’ என்ற வார்த்தையை எடுத்துவிட வேண்டியிருக்கிறது. முறையாகக் கற்றவர்களின் வித்வத்தும் இந்த அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய மாடிதான்.

இல்லாத ஒலியும் இருக்கும் ஒலியும்

முதலில் ஒரு சிறு விந்தையைச் சொல்லுகிறேன். ஆண்மகன் ஒருவன் பேசும்போது அவனுடைய குரல் நாண்கள் வினாடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை வரையில் அதிர்கின்றன. அவன் குரலின் கனத்துக்கு அந்த அடிப்படை அதிர்வுதான் காரணம் என்று நினைப்போம். ஆனால் பழைய கம்பித் தொலைபேசி, வினாடிக்கு 300 அதிர்வுக்குக் கீழே உள்ள எதையும் பெரும்பாலும் கொண்டுபோவதில்லை. அப்படியானால், அதில் பேசிய நம் பாட்டனார்களின் குரல் எல்லாம் குழந்தைக் குரலாக அல்லவா கேட்டிருக்க வேண்டும்? அப்படிக் கேட்கவில்லை. பாட்டனாரின் குரல் பாட்டனாரின் குரலாகவே கேட்டது. அடிப்படை ஒலி காதுக்கு வந்து சேராதபோதும், அதனுடைய மேல் ஒலிகளின் வரிசையைக் கொண்டு, “இவற்றுக்கெல்லாம் தாய் இன்ன ஒலியாக இருக்க வேண்டும்” என்று மனம் அநுமானம் செய்து, அதையே கேட்டும் விடுகிறது. ஸீபெக் என்ற ஜெர்மானியர் 1841-ம் வருஷத்திலேயே இந்த விஷயத்தைத் தொட்டிருக்கிறார். அதைப் பற்றி அந்நாட்டுச் சாஸ்திரிகளிடையே பெரிய சண்டையே நடந்தது.

இதற்கு நேர் எதிரான விந்தை நம் தம்பூராவில் இருக்கிறது. அதில் நான்கு தந்திகள். ஒன்று பஞ்சமம், மற்ற மூன்றும் ஷட்ஜம். காந்தாரத்துக்கென்று ஒரு தந்தியும் கிடையாது. ஆயினும், நன்றாகச் சுருதி கூட்டிய தம்பூராவை மீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால், அந்தர காந்தாரம் தானாகவே எழுந்து மிதக்கிறது. இது பிரமை அன்று. ஷட்ஜத் தந்தியின் ஐந்தாவது மேல் ஒலிதான் அந்தர காந்தாரம். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் கொடுக்கும் சிறு நூல், தந்தியின் மேல் ஒலிகளையெல்லாம் தட்டி எழுப்பிவிடுகிறது. ஸர் சி. வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது, தம்பூரா, வீணை ஆகியவற்றின் குதிரை அமைப்பைப் பரிசோதித்து 1921-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேனாட்டு விதிகளின்படி எழக்கூடாத ஒலிகள் கூட நம் வாத்தியங்களில் எழுவதைக் கண்டு அவர் வியந்தார். அந்தக் குதிரையையும் நூலையும் அமைத்த தச்சன் பௌதிக சாஸ்திரம் படித்தவனல்ல. அவனுக்கு இருந்தது காது ஒன்றுதான்.

ஆகவே, வெளியே இல்லாததைக் காது கேட்கிறது. இருப்பதையும் பயிற்சி இருந்தால்தான் பிரித்துக் கேட்கிறது. தம்பூராவின் காந்தாரம் எல்லோர் காதிலும் விழுகிறது. பலருக்கு ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் கேட்கிறது. கேட்ட பிறகு, கேளாமல் இருப்பது அசாத்தியமாகிவிடுகிறது.

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வித்வான் “கா” என்று பாடுகிறார். நாமும் காந்தாரம் என்று கேட்கிறோம். ஆனால் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியில் அதைப் பிடித்துப் பார்த்தால், நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. குரல், காந்தாரத்தின் ஸ்தானத்தில் நிற்கவே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஊஞ்சலாட்டம் முழுவதையும் சேர்த்து ஒரே ஸ்வரமாகக் கட்டி, “இது தோடியின் காந்தாரம்” என்று முத்திரை வைப்பது நம் மனந்தான். நம் சங்கீதத்தைக் கேட்டுப் பழகாத வெள்ளைக்காரர் ஒருவருக்கு அதே இடத்தில் ஒரு நடுக்கம் மாத்திரமே கேட்கக்கூடும். அவருடைய காது நம் காதுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அந்தக் கட்டை அவிழ்த்துக் கட்டக் கற்றிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு, அதன் ரிஷபத்தையே ஷட்ஜமாக மனத்தில் நிறுத்திப் பாடினால் மத்தியமாவதி வந்துவிடுகிறது. காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் ஹிந்தோளம். பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த ஸாவேரி. தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. ஸ்வரங்களில் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வீடு மாறியது, உடனே ஊரே மாறிப் போயிற்று! கிரக பேதம் என்னும் இந்த வித்தையை மேடையில் யாராவது செய்து காட்டினால் சபை ‘ஆஹா’காரம் செய்கிறது. அந்த ஆஹாகாரத்தின் பொருள் என்ன? சபையில் உள்ள ஒவ்வொருவரும், தம்மை அறியாமலே, ஆதார ஷட்ஜத்தை நெஞ்சுக்குள் பிடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான். பிடித்துவைத்திராதவனுக்கு அது நழுவியது எப்படித் தெரியும்?

தொட்டிலில் நடக்கும் பாடம்

இவ்வளவையும் யார் கற்றுக்கொடுத்தார்கள்? எப்போது கற்றோம்?

குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே, ஏழாவது மாதத்துக்குள் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. சீமந்தத்தின்போது வீணை வாசிக்க வேண்டும் என்று விதித்த நம் பெரியவர்கள் இதை எப்படி அறிந்தார்களோ, விதித்துவிட்டார்கள். பிறந்த பிறகு நடப்பது இன்னும் சுவாரஸ்யமானது. எரின் ஹானன், ஸாண்ட்ரா டிரெஹப் என்ற இரு பெண்மணிகள் 2005-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவின் தென்கிழக்கே பல்கேரியா, மாஸிடோனியா முதலிய பால்கன் நாடுகளில், கிராமத்து ஜனங்கள் ஏழு எண்ணிக்கையுள்ள தாளங்களில் வெகு உல்லாசமாக நடனம் ஆடுகிறார்கள். மூன்றும் நாலுமாக எண்ணினால், நமது மிசிர சாபுவுக்குச் சகோதரி என்று சொல்லலாம். அமெரிக்கரின் பாட்டுக்களிலோ இரண்டு, நாலு, அல்லது மூன்று என்ற கணக்குத்தான் பெரும்பாலும் உண்டு. அந்தப் பெண்மணிகள் பால்கன் மெட்டுக்களில் வேண்டுமென்றே தாளத்தைப் பிசகச் செய்து கேட்கவைத்தார்கள். பல்கேரியாவிலிருந்தும் மாஸிடோனியாவிலிருந்தும் குடியேறியிருந்த பெரியவர்கள் பிசகை உடனே கண்டுகொண்டார்கள். அமெரிக்கப் பெரியவர்களுக்கு, தங்கள் ஊர்த் தாளத்தில் பிசகினால் தெரிந்தது; ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் பிசகினால் தெரியவில்லை.

இதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் பின்னால் வருகிறது. ஆறு மாதக் குழந்தைகளிடம் இதே பரீக்ஷையை நடத்தினார்கள். பேசத் தெரியாத குழந்தையை எப்படிப் பரீக்ஷிப்பது என்று கேட்கலாம். புதிதாக ஒன்று நடந்தால் குழந்தை அந்தப் பக்கம் அதிக நேரம் பார்க்கும். அந்தப் பார்வை எத்தனை வினாடி நிற்கிறது என்று கணக்கெடுப்பார்கள். அப்படிப் பார்த்ததில், அமெரிக்க வீட்டில் பிறந்த ஆறு மாதக் குழந்தை, தன் தகப்பனார் கோட்டைவிட்ட பால்கன் தாளப் பிசகைக் கண்டுகொண்டது! ஆனால் பன்னிரண்டு மாதம் ஆன குழந்தைக்கு அது தெரியவில்லை. தகப்பனாரைப் போலவே ஆகிவிட்டது.

இதன் பொருளைச் சற்று யோசியுங்கள். எல்லா ஊர்த் தாளங்களுக்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குழந்தை உலகத்துக்கு வருகிறது. ஒரு வருஷத்துக்குள், தன் வீட்டில் என்ன ஒலிக்கிறதோ அதில் தேர்ச்சி பெற்றுவிடுகிறது. அந்தத் தேர்ச்சிக்குக் கொடுக்கும் விலையாக மற்றக் கதவுகள் மெல்லச் சாத்திக்கொள்கின்றன. தாய்மொழி விஷயத்திலும் இதே கதைதான். தமிழ்க் குழந்தைக்கு ழகரமும் ளகரமும் வேறு வேறாகக் கேட்பது இலக்கண வகுப்பில் நன்னூல் படித்ததால் அல்ல.

ஜப்பானில் ஷினிச்சி ஸுஸுகி (1898–1998) என்ற பிடில் ஆசிரியர், எந்த மனோதத்துவப் பரிசோதனைக்கும் காத்திராமல், இதே உண்மையைப் பிடித்துக்கொண்டார். ஜப்பானியக் குழந்தைகள் எல்லாருமே ஜப்பானிய மொழி பேசுகிறார்களே, ஒருவராவது “எனக்கு மொழி ஞானம் இல்லை” என்று ஒதுங்கிவிடவில்லையே என்று அவர் யோசித்தார். குழந்தை மொழியைக் கற்பது போலவே சங்கீதத்தையும் கற்க வேண்டும் என்று சொல்லி, தம் முறைக்குத் ‘தாய்மொழி முறை’ என்றே பெயர் வைத்தார். வில்லைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே, வாசிக்க வேண்டிய பாட்டை வீட்டில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யவேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

அதே 1898-ம் வருஷத்தில் தஞ்சை ஜில்லாவில் பிறந்த ஒருவரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடியைக் கேட்டவர்கள் எல்லாரும் சபா அங்கத்தினர்கள் அல்ல. ஸ்வாமி புறப்பாட்டின்போது வீதியில் நின்ற உழவனும் கேட்டான். திண்ணையில் படுத்திருந்த கிழவரும் கேட்டார். தாயின் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையும் கேட்டது. காவேரிக் கரையில் சங்கீதம் தண்ணீரில் கலந்திருக்கிறது என்று சொல்வார்கள். தண்ணீரில் ஒன்றும் கலந்திருக்கவில்லை. மேளக்காரர்கள் வீதி வழியாக வாசித்துக்கொண்டு போனார்கள்.

சினிமாவும் இந்தக் கைங்கரியத்தைக் கொஞ்ச காலம் செய்தது. 1944-ல் வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தில், பாபநாசம் சிவன் இயற்றித் தியாகராஜ பாகவதர் பாடிய சாருகேசிப் பாட்டு ஒன்று உண்டு. கச்சேரி மேடையில் அதிகம் கேட்டறியாத அந்த ராகம், ஒரே பாட்டினால் ரிக்ஷாக்காரர் வாய் வரையில் போய்விட்டது. அவர் சாருகேசி என்று சொல்லமாட்டார். “அந்த பாகவதர் பாட்டு மாதிரி இருக்கிறதே” என்பார். ராகத்தை அடையாளம் காண்பதென்பது வேறு என்ன? வித்வான்கள் ‘பிடி’ என்று சொல்லுகிறார்களே, அந்தச் சிறு சிறு ஸ்வரக் கூட்டங்கள்தான் ராகத்தின் முகம். நடையைப் பார்த்தே சிநேகிதனைத் தெரிந்துகொள்வது போல், ஒரு பிடியிலேயே ராகத்தைத் தெரிந்துகொள்கிறோம். பெயர் பிற்பாடு ஒட்டும் சீட்டு.

வரப்போவதைக் கேட்பது

கேள்வி ஞானத்தின் பயன், நடந்ததைத் தெரிந்துகொள்வது மட்டும் அல்ல. வரப்போவதை ஊகிப்பதுதான் அதன் உயிர். சங்கீதத்தின் இன்பம் எதிர்பார்ப்பில் இருக்கிறது என்று லெனார்ட் மேயர் என்ற அமெரிக்கர் 1956-ல் ஒரு புத்தகம் எழுதி வாதாடினார். அது வாதமாகவே நெடுநாள் இருந்தது. 2011-ல் கானடாவிலுள்ள மான்ட்ரியால் நகரத்தில் ஆராய்ச்சியாளர்கள் சிலர், பாட்டுக் கேட்கும்போது மயிர்க்கூச்செடுக்கும் தன்மையுள்ளவர்களை அழைத்து, அவரவர்களுக்குப் பிடித்த பாட்டையே போட்டு, மூளையைப் படம் பிடித்தார்கள். இன்பத்தோடு சம்பந்தப்பட்ட டோபமீன் என்ற ரஸாயனம் உச்ச கட்டத்தில் மூளையில் சுரந்தது, இது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த உச்சம் வருவதற்குச் சில வினாடிகளுக்கு முன்பே, மூளையின் வேறொரு பாகத்தில் அது சுரக்கத் தொடங்கியிருந்தது! பந்தியில் இலை போட்டதுமே நாக்கில் நீர் ஊறுகிறதல்லவா? அதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

நமது தனி ஆவர்த்தனம் இந்த ரகசியத்தைப் பூரணமாக உபயோகிக்கிறது. கடைசிக் கோர்வையை மிருதங்கக்காரர் மூன்று முறை வாசிக்கிறார். முதல் முறை, “இது என்ன?” என்று கேட்கிறோம். இரண்டாம் முறை தெரிந்துகொள்கிறோம். மூன்றாம் முறையில் அவருடைய விரல்களுக்கு முன்னாலேயே நம் மனம் ஓடிப்போய், பாட்டின் எடுப்பில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருக்கிறது. அவரும் வந்து சேர்கிறார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சந்திக்கும் அந்தக் கணத்தில்தான் சபை கைதட்டுகிறது. ஒரு முறை மட்டும் வாசித்து முடித்தால் கணக்கு சரியாக இருக்கும், சந்திப்பு இருக்காது.

திரும்பச் சொல்வதற்கு ஏன் இத்தனை வலிமை? டயானா டாய்ச் என்ற அம்மையார் 1995-ல் தாம் பேசிப் பதிவு செய்த ஒரு சொற்பொழிவைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். ஒரு சிறு சொற்றொடர் மட்டும் கருவியில் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்துக்கெல்லாம், அறையில் யாரோ பாடுவது போல் அவருக்குத் தோன்றியது. கவனித்தால், தம்முடைய பேச்சேதான்! ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. பலமுறை கேட்டதும் பேச்சு பாட்டாகிவிட்டது. நேயர்கள் விரும்பினால், பதிவு செய்த பேச்சில் ஒரு வரியை மட்டும் பத்துத் தடவை விடாமல் ஒலிக்கவைத்து இதை வீட்டிலேயே பரீக்ஷித்துப் பார்க்கலாம். நிரவலில் ஒரே சாகித்திய வரியை எடுத்துக்கொண்டு பாடகர் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வருவதற்கும், பஜனையில் ஒரே நாமம் நூறு தடவை எழுவதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது.

சாகித்தியம் என்றதும் ஒரு விஷயம். 1984-ல் அமெரிக்காவில் நடந்த பரிசோதனைகளில், ஒரு மெட்டைக் கேட்டவர்கள், அதே சொற்களோடு மறுபடி கேட்கும்போதுதான் அந்த மெட்டை நன்றாக அடையாளம் கண்டார்கள். வேறு சொற்களை அதே மெட்டில் பாடினால் தடுமாறினார்கள். நினைவில் மெட்டும் சொல்லும் ஒன்றாகவே பின்னிக்கொள்கின்றன என்று தெரிகிறது. 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடியபோதும், 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும் நடந்த காரசாரமான விவாதத்தில், “சங்கீதத்துக்குப் பாஷை எதற்கு?” என்று ஒரு கட்சியார் கேட்டார்கள். வித்வான்களுக்கு வேண்டாமலிருக்கலாம். கேட்டே கற்க வேண்டியவனுக்கு, பொருள் தெரிந்த சொல் ஒரு பிடிகயிறு.

முகாரியின் கண்ணீர்

ராகங்களுக்கும் ரஸங்களுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நம்மவர்கள் நிறையச் சொல்வதுண்டு. முகாரி என்றால் அழுகை என்பது ஊரறிந்த விஷயம், “ஏன் முகாரி பாடுகிறாய்?” என்று அழுகிறவனைக் கேட்பதே வழக்கமாகிவிட்டது. ஆனால் சபரியின் பாக்கியத்தை வியந்து வியந்து தியாகராஜ ஸ்வாமிகள் செய்த கீர்த்தனமும் முகாரியில்தான் இருக்கிறது. அதில் கண்ணீர் உண்டென்றால் ஆனந்தக் கண்ணீர்தான். ஆகவே, ரஸத்தில் ஒரு பங்கு ஸ்வரங்களில் இருந்தாலும், பெரும் பங்கு பழக்கத்தினால் ஏறியது என்று நினைக்க இடமுண்டு.

1999-ல் கானடாவில் பால்க்வில், தாம்ஸன் என்ற இருவர், ஹிந்துஸ்தானி ராகங்களைக் கேட்டே அறியாத அந்நாட்டவர்களுக்கு அவற்றைப் போட்டு, என்ன உணர்ச்சி தோன்றுகிறது என்று விசாரித்தார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். விரைவாகவும் எளிமையாகவும் போனால் மகிழ்ச்சி. மெதுவாகவும் சிக்கலாகவும் போனால் சோகம் என்று ஊகிக்க ராக ஞானம் தேவையில்லை. சாந்தத்தைத்தான் அவர்களால் தெளிவாகக் கண்டுகொள்ள முடியவில்லை. அந்த ஒன்றுக்கு, அந்த ஊரில் கொஞ்ச காலம் வாழ்ந்திருக்க வேண்டும் போலும்.

வாயை மட்டும் அசை!

இனி, நிஜமாகவே சங்கீதம் கேளாத காதுகள் உண்டா என்ற கேள்வி. உண்டு. பிறவியிலேயே ஸ்வர பேதம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல பாட்டும் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எத்தனை பேர்? முன்பெல்லாம் நூற்றுக்கு நாலு பேர் என்று மதிப்பிட்டு வந்தார்கள். 2017-ல் இஸபெல் பெரெட்ஸ் முதலியோர் சுமார் 20,000 பேரைப் பரீக்ஷித்துப் பார்த்து, நூற்றுக்கு ஒன்றரைப் பேர்தான் என்றார்கள். தமக்குச் சுருதி ஞானமே இல்லை என்று சாதிக்கிற கல்லூரி மாணவர்களை 2005-ல் கானடாவில் பரீக்ஷித்தபோது, அவர்களிற் பெரும்பாலோர் காது மற்றவர்கள் காதைப் போலவே இருந்தது. பாடும்போது சுருதி விலகுகிறவர்களில் பலருக்கும், கேட்கும்போது விலகல் தெரிகிறது என்று 2007-ல் வேறு இருவர் கண்டார்கள். குறை காதில் இல்லை. குரலை மனம் நினைத்த இடத்துக்குச் செலுத்தும் பழக்கத்தில் இருக்கிறது. நடக்கத் தெரியாத குழந்தைக்குக் கால் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கிறது? ஆண்டு விழாவுக்குக் கோஷ்டி கானம் ஒத்திகை. ஒரு குழந்தையின் குரல் சற்று விலகுகிறது. “நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது” என்று உத்தரவாகிறது. ஏழு வயதில் கேட்ட அந்தத் தீர்ப்பை எழுபது வயது வரையில் சுமந்துகொண்டு, குளிக்கும் அறையில்கூடப் பாடாமல் காலந் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்காவில் டேனியல் லெவிடின் 1994-ல் 46 மாணவர்களைக் கூப்பிட்டு, அவரவர்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார். சுருதிப் பெட்டி கிடையாது, எடுத்துக்கொடுப்பவரும் இல்லை. நூற்றுக்கு நாற்பது பேர், ஒரு முறையாவது இசைத்தட்டில் இருந்த அதே சுருதியில் பாடினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த வித்வான்கள் அல்லர். அந்தச் சுருதி அவர்களுக்குள் பதிந்திருப்பது அவர்களுக்கே தெரியாது.

முறையான சிக்ஷை இந்தப் புதையலைத் தோண்டி எடுக்கும் கடப்பாரை. புரந்தரதாஸர் வகுத்ததாகச் சொல்லப்படும் நம் பாடமுறை, மாயாமாளவகௌளையில் ஆரம்பிக்கிறது. அந்த ராகத்தின் கீழ்ப் பாதியும் மேல் பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை. ஸ ரி க ம-வில் உள்ள இடைவெளிகளே ப த நி ஸ-விலும் வருகின்றன. பாதி கற்றவன் முழுவதும் கற்றுவிடுகிறான். ஒரே வரிசையை மூன்று காலத்தில் பாடி, கையால் தாளத்தையும் போடும்போது, காதும் குரலும் கையும் ஒன்றையொன்று திருத்திக்கொள்கின்றன. குருநாதர் புத்தகத்தைக் கொடுக்காமல் “நான் பாடுகிறேன், நீ பாடு” என்று சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தோடியின் காந்தாரத்தைப் புத்தகத்தில் எப்படி எழுதினாலும் அது ‘க’ என்ற ஓர் எழுத்துத்தான்.

ஆனால் இப்போது வேறொரு காரணத்துக்காகக் குழந்தைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். பாட்டுக் கற்றால் கணக்கில் நூற்றுக்கு நூறு வருமாம்! இந்த நம்பிக்கையின் ரிஷிமூலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1993-ல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிஷம் மோஸார்ட்டின் இசையைக் கேட்கச் செய்து, காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன உருவம் வரும் என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். கொஞ்சம் நன்றாக விடை எழுதினார்கள். அந்தச் சாமர்த்தியம் கால் மணி நேரம் இருந்து மறைந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். குழந்தைகளை யாரும் பரீக்ஷிக்கவில்லை. கணக்குப் பாடத்தை யாரும் தொடவில்லை. இருந்தும், 1998-ல் ஜார்ஜியா மாகாணத்துக் கவர்னர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் அரசாங்கச் செலவில் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் வேண்டுமென்று கேட்டார். மறு வருஷமே மற்ற ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கணக்கு வர வேண்டுமானால் கணக்குப் போட வேண்டும். சங்கீதத்துக்குச் சங்கீதமே போதுமான கூலி.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. முன்பு வீட்டில் பாட்டி தயிர் கடையும்போது முணுமுணுத்தாள். அடுத்த வீட்டுப் பெண் வர்ணம் சாதகம் செய்தாள். தெருவில் நாகஸ்வரம் போயிற்று. மாலையில் ரேடியோ பாடிற்று. குழந்தைக்காக யாரும் பாடவில்லை. அதன் காதில் தானாக விழுந்தது. இன்று வீட்டில் உள்ளவர்கள் முன்னைக் காட்டிலும் அதிகமாகவே பாட்டுக் கேட்கிறார்கள். தகப்பனார் கைபேசியில் ஒரு பாட்டு, தாயார் கைபேசியில் ஒரு பாட்டு, அண்ணனுக்கு வேறொன்று. ஆனால் ஒவ்வொருவர் காதிலும் இயர்போன் இருக்கிறது. நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதுக் குழந்தைக்குக் கேட்பது மின்விசிறியின் சத்தம்.

பால்கன் தாளப் பரிசோதனையில் ஒரு பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை. பிசகைக் கண்டுபிடிக்கும் சக்தியை இழந்துவிட்ட அந்தப் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் சிலருடைய வீட்டுக்கு, பால்கன் பாட்டுக்கள் அடங்கிய இசைத்தட்டு ஒன்றை அனுப்பினார்கள். தினம் இரண்டு வேளை, வேளைக்குப் பத்து நிமிஷம், குழந்தை விளையாடும்போது பக்கத்தில் ஒலித்தால் போதும் என்று தாய்மார்களிடம் சொன்னார்கள். பதினைந்து நாளைக்குப் பிறகு அக்குழந்தைகள் ஏழு எண்ணிக்கைத் தாளத்தின் பிசகை மறுபடியும் கண்டுகொண்டன. அதே இசைத்தட்டைக் கேட்ட பெரியவர்களுக்கு அவ்வளவு தூரம் வரவில்லை.